தாராசிங் – கிங்காங் காலத்துக் குஸ்தி நினைவுகளைச் சென்னையில் சேகரிக்க ஒரு கையேடு

1960இல் பத்து வயதுப் பையனாக அப்பா தோளில் உட்கார்ந்து ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி பார்த்தவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அந்த அப்பாக்கள் யாரும் இன்று இல்லை. தாராசிங், ரந்தாவா, கிங்காங், கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பயில்வான்கள் என்று கேட்டதும் கண் விரியும் ஆட்கள் புரசைவாக்கத்திலும் ராயபுரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பதிவு செய்வதும், அவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் நோட்டீஸையும் போட்டோவையும் காப்பாற்றுவதும், சொன்னது எந்த வருஷத்துச் சங்கதி என்று கண்டுபிடிப்பதும் மூன்று தனித்தனி வேலைகள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த மாதிரி முயற்சிகள் பாதியில் நிற்கின்றன.

கிளம்புமுன் ஒரு தாள்

பேட்டிக்குப் போகுமுன் ஒரே பக்கத்தில் எல்லைத் தேதிகளை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் காட்ட அல்ல, உங்கள் கணக்குக்கு.

தாராசிங் பிறந்தது 1928, அமிர்தசரஸ் மாவட்டம் தர்மூசக் கிராமம். நாற்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் போய் அங்கே தொழில்முறைக் குஸ்திக்கு வந்தவர். 1954இல் பம்பாயில் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று ருஸ்தம்-ஏ-ஹிந்த், அதாவது இந்திய சாம்பியன் பட்டம். 1959இல் கல்கத்தாவில் கனடாக்காரர் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். 1968 மே 29 பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்றது. 1983இல் ஓய்வு. 2012 ஜூலை 12 மும்பையில் மரணம். ரந்தாவா என்று நோட்டீஸில் வருபவர் இவருடைய தம்பி, சர்தாரா சிங் ரந்தாவா.

கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா. 1909இல், அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் இருந்து இன்று ருமேனியாவில் இருக்கும் பிரஷோவ் ஊரில் பிறந்த ஹங்கேரியர். கார் விபத்தில் காயம்பட்டு 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். ஆகவே "எழுபத்து மூணுல கிங்காங்கைப் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், வருஷம் பிசகியிருக்கிறது, அல்லது அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொண்ட வேறு ஆள். இரண்டுக்கும் சமமான வாய்ப்பு உண்டு. மறுத்துப் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

லூ தெஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். அவர் தன் உலகப் பட்டத்தை 1966 ஜனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். பம்பாய் மோதலின்போது வயது 52. தாராசிங்கின் வெற்றி வெற்றிதான். ஆனால் அமெரிக்காவில் கினிஸ்கி இடுப்பில் இருந்த பெல்ட் அது அல்ல. அந்தக் காலத்தில் ஒரே நேரத்தில் பல ஊர்களில் பல "உலக சாம்பியன்கள்" இருந்தார்கள். நோட்டீஸில் என்ன பட்டம் போட்டிருக்கிறதோ அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். நீங்களாக ஒரு பட்டத்தைச் சூட்டவோ பறிக்கவோ வேண்டாம்.

ஆளைப் பிடிப்பது

விளம்பரம் கொடுத்துக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். காலை ஆறரைக்கு சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நடந்து முடித்துப் பெஞ்சில் உட்காரும் கூட்டம், பெரியமேடு, சூளை டீக்கடைகள், பழைய தேகப் பயிற்சி சாலைகள், கேரம் கிளப்புகள், பின்னி மில்லிலும் துறைமுகத்திலும் ஐ.சி.எஃப்பிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இங்கேதான் ஆரம்பம். சவுகார்பேட்டை மார்வாடி, பஞ்சாபிக் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். தாராசிங் அவர்களுக்கு ஊர்க்காரர் மாதிரி. விருந்துக்கு அழைத்த கதையும் கூட எடுத்துக்கொண்ட போட்டோவும் அந்த வீடுகளில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வடசென்னையில் ஒரு எச்சரிக்கை. "சண்டை பார்க்கப் போனோம்" என்பது குஸ்தியா குத்துச்சண்டையா என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பரம்பரை பரம்பரையாகக் கையுறைச் சண்டை நடந்த பகுதி அது. "கையில கிளவுஸ் இருந்துச்சா?" என்ற ஒரே கேள்வி போதும்.

அழைக்கும் முறையும் கவனம். ஐயா, பெரியவரே, பழகிய வீடென்றால் தாத்தா, முஸ்லிம் பெரியவரென்றால் பாய். "சார்" போட்டால் எதிரில் இருப்பவரும் ஆபீஸ் தமிழுக்கு மாறிவிடுவார், சரக்கு வற்றிவிடும்.

நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. சாப்பாட்டுக்கு மேல் தூக்கம் வந்துவிடும். ஒரு உட்காரலுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி வரை. அதற்கு மேல் போனால் சொன்னதையே திரும்பச் சொல்வார். இரண்டாவது முறை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டால் அவருக்கே பாதி ஞாபகம் தானாக மேலே வந்திருக்கும்.

ஒலிப்பதிவு

ஃபோன் போதும். ஆனால் ஃபோனோடு வரும் ரெக்கார்டர் ஆப் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும்; வேவ் வடிவத்தில் சேமிக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்.பி. ஆகும். இரண்டு ஜி.பி. காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஏரோபிளேன் மோடு கட்டாயம். நடுவில் அழைப்பு வந்தால் சில ஃபோன்கள் பதிவை நிறுத்திவிட்டுச் சொல்லவும் சொல்லாது.

சென்னை வீட்டில் எதிரி சீலிங் ஃபேன். நிறுத்தச் சொன்னால் பத்து நிமிஷத்தில் பெரியவர் வேர்த்து எழுந்துவிடுவார். சட்டையில் குத்தும் காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே பொருத்தி, பஞ்சு உறை மாட்டி, ஃபேனை இரண்டில் வையுங்கள். மைக் இல்லையென்றால் ஃபோனை அவர் மடிக்குப் பக்கத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேஜை மேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். ஒரு நிமிஷம் பதிந்து, இயர்ஃபோனில் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பாதிப் பேட்டிகள் வீணாகின்றன.

வீடியோ முழுக்கத் தேவையில்லை. பிடிகளைக் கையால் செய்து காட்டும்போது மட்டும் எடுங்கள். கலாஜங், தோபி பாட் போன்ற பிடிகளின் பெயர் தெரியாதவர்கள்கூட எதிராளியின் கையை எப்படித் தோளுக்கு மேல் இழுத்தார் என்று காட்டிவிடுவார்கள். அந்தப் பத்து நொடி வீடியோ அரை மணி விளக்கத்துக்குச் சமம்.

என்ன கேட்பது, எதை முதலில் கேட்பது

"எந்த வருஷம்?" என்று ஆரம்பித்தால் பேட்டி அங்கேயே முடிந்தது. அவர் ஒரு வருஷத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வார். பிறகு அந்த வருஷத்தைக் காப்பாற்றவே கதையை வளைப்பார். "தாராசிங் கிங்காங்கைத் தூக்கிச் சுத்தினதைப் பார்த்தீங்களா?" என்று கேட்பது அதைவிட மோசம். ஆமாம் என்றுதான் பதில் வரும்.

உடம்பிலிருந்தும் காசிலிருந்தும் தொடங்குங்கள். யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எதில் போனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், டிக்கெட் எவ்வளவு, என்ன வாங்கித் தின்றார்கள், திரும்பும்போது என்ன பஸ். பயில்வான் பெயரை நீங்கள் சொல்லவே கூடாது. அவர் வாயிலிருந்து வரட்டும். இப்படி ஒரு உரையாடல் போகலாம்:

"அன்னிக்கு எங்க உட்கார்ந்து பார்த்தீங்க ஐயா?"

"கேலரிதாம்ப்பா. நாலணா டிக்கெட்டு. முன்னாடி சேர்ல எல்லாம் சேட்டுங்க."

"ரிங் தெரிஞ்சுதா அங்கேருந்து?"

"மேல லைட்டு போட்டிருந்தான். பூச்சி அப்புடியே மொய்க்கும். வெள்ளைக்காரன் துண்டால பூச்சிய விரட்டினே இருந்தான், அதுக்கே ஜனம் சிரிச்சுது."

இதில் எத்தனை விஷயம் பாருங்கள். இரவு ஆட்டம், திறந்தவெளி, மேலே விளக்கு, முன்வரிசையில் யார், ஜனங்களைச் சிரிக்கவைக்கும் வெளிநாட்டுக்காரர். பூச்சி மொய்த்தது மழை நின்ற பருவத்தைக் காட்டலாம். "நாலணா" மட்டும் ஆதாரம் ஆகாது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்த பிறகும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்று சொல்வது சென்னையில் பல பத்தாண்டுகள் போனது. வாயில் வரும் அணாவை நம்பாதீர்கள், தாளில் அச்சடித்த அணாவை நம்புங்கள்.

அடுத்து வருஷத்தைச் சுற்றி வளைத்துப் பிடியுங்கள். டிராமில் போனதாகச் சொன்னால் 1953 ஏப்ரலுக்கு முன். அந்த மாதத்தோடு சென்னையில் டிராம் நின்றது. அப்போது மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. கட்டிடம் எழும்பிவிட்டதா? அது திறந்தது 1959இல். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது (1967 ஜனவரி) இதற்கு முன்னாலா பின்னாலா? அண்ணா இறந்தது (1969 பிப்ரவரி)? அக்கா கல்யாணம், பத்தாவது பரீட்சை, அப்பா வேலைக்குச் சேர்ந்தது போன்ற குடும்பத் தேதிகள் இவற்றைவிட உறுதி. வீட்டுப் பெண்களிடம் அதைக் கேளுங்கள்; அவர்கள்தான் வருஷத்தைச் சரியாக வைத்திருப்பார்கள்.

இடத்தையும் இதே முறையில். "மூர் மார்க்கெட் பின்னாடி" என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் கார்ப்பரேஷன் ஸ்டேடியம், அதாவது இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம். 1956 ஜனவரியில் மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்த மைதானம். இன்றுள்ள கட்டிடம் 1993இல் புதிதாக எழுப்பியது என்பதால் பெரியவரை அங்கே அழைத்துப்போய் "எங்கே உட்கார்ந்தீங்க?" என்று கேட்பதில் பயன் குறைவு. மூர் மார்க்கெட்டும் 1985 மே தீயில் போய்விட்டது. பழைய வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோய் விரலால் காட்டச் சொல்லுங்கள். ரயில் நிலையக் கோபுரம் எந்தக் கைப்பக்கம் தெரிந்தது என்று கேட்டால் நுழைந்த வாசல்கூடக் கிடைக்கும்.

போட்டோ காட்டுவதைக் கடைசிக் கால் மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதாத ஆறு எட்டுப் படங்கள், அதில் இரண்டு சென்னைக்கே வராத ஆட்களாக இருக்கட்டும். எல்லாரையும் "இவரைப் பார்த்திருக்கேன்" என்று சொன்னால் அந்தப் பகுதிக்கு எடை குறைத்துப் போடலாம்.

"எல்லாம் செட்டப்தானே?" என்ற கேள்விக்கும் இடம் உண்டு, ஆனால் முடிவில்தான். தொழில்முறைக் குஸ்தியில் முடிவு முன்பே பேசி வைத்தது என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். பெரியவருக்கும் தெரியும், ஆனால் ஆரம்பத்தில் கேட்டால் தன் இளமையைக் கேலி செய்வதாக நினைப்பார். "அப்ப ஜனங்க என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேளுங்கள். வெளிநாட்டுக்காரன் நிஜமாகவே அடித்தான், நம்மாள் விட்டுக்கொடுத்தான், முதல் ரெண்டு ஜோடி நிஜம், கடைசி ஜோடி நாடகம் என்று விதவிதமாக வரும். அந்தக் கருத்துகள்தான் ஒரு ரசிகனிடமிருந்து மட்டும் கிடைக்கும் பொருள். யார் ஜெயித்தார் என்பதைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

நினைவு வழுக்கும் இடங்கள்

சில பிசகுகள் திரும்பத் திரும்ப வரும். தெரிந்து வைத்திருந்தால் எளிதில் பிடிபடும்.

முதலாவது சினிமா. 1962இல் தாராசிங் கதாநாயகனாக நடித்த இந்திப் படத்தின் பெயரே கிங்காங். கொட்டகையில் பார்த்த சண்டையும் மைதானத்தில் பார்த்த சண்டையும் அறுபது வருஷத்தில் ஒட்டிக்கொள்ளும். முகத்தை மிக அருகில் பார்த்ததாகவோ, சண்டைக்குப் பின்னணி இசை இருந்ததாகவோ சொன்னால் அது திரை. தாராசிங்கின் முகத்தை விவரிக்கச் சொன்னால் பலருக்கு 1987இல் தூர்தர்ஷனில் வந்த ராமாயண ஆஞ்சநேயர்தான் கண்ணில் நிற்பார். இளவயதுப் படம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

இரண்டாவது பெயர். செபிஸ்கோவைப் பார்த்தேன் என்று ஒருவர் சொல்லலாம். 1910இல் லண்டனில் இந்தியப் பயில்வான் காமாவோடு மணிக்கணக்கில் மோதிச் சமன் செய்தவரும், 1928இல் பாட்டியாலாவில் காமாவிடம் ஒரு நிமிஷத்துக்குள் வீழ்ந்தவருமான போலந்து ஸ்பிஸ்கோவாக அவர் இருக்க முடியாது. ஐம்பதுகளில் அவருக்கு எழுபது கடந்த வயது. புகழ்பெற்ற பெயரை இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்வது அந்தத் தொழிலின் சாதாரண நடைமுறை. ஃப்ளாஷ் கார்டன் என்ற பயில்வானின் பெயரே சித்திரக் கதையிலிருந்து எடுத்தது. முகமூடிக்காரர்கள் இன்னும் சிக்கல்: ஒரே முகமூடிக்குள் ஊருக்கு ஒரு ஆள் இருந்திருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். உயரம், தலைமுடி, தாடி, பச்சை குத்தல், எந்த மொழியில் கத்தினார் என்பதைத் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது எடை. நோட்டீஸ்காரர் எழுதியதுதான் எடை. ராத்தலில் போட்டிருக்கும், 400 ராத்தல் என்றால் 181 கிலோ. பெரியவர் "நானூறு கிலோ" என்று சொன்னால் ராத்தல் கிலோவாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாலாவது பிற்காலத்து டி.வி. தொண்ணூறுகளில் கேபிளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்கக் குஸ்தி நிகழ்ச்சி வந்த பிறகு, பேரனோடு உட்கார்ந்து பார்த்த பெரியவரின் நினைவில் கயிற்றிலிருந்து பாய்வதும் நாற்காலியால் அடிப்பதும் 1958க்குப் போய்விடும். நாற்பது வயதுக்காரர்களின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நினைவும், அந்தப் பயில்வான்கள் படம் போட்ட டிரம்ப் கார்டும் சேகரிக்கத் தக்கவைதான். ஆனால் தனிக் கோப்பில். 2002 மே மாதத்தில் அந்த நிறுவனம் பெயரை மாற்றியது. ஆகவே கார்டில் பழைய மூன்றெழுத்து இருந்தால் அதற்கு முந்தைய வடிவம் என்று சொல்லலாமே தவிர, அச்சடித்த வருஷம் என்று சொல்ல முடியாது. உரிமம் இல்லாமல் அச்சடித்த கார்டுகளில் பழைய எழுத்தே நெடுநாள் ஓடியிருக்கலாம்.

நோட்டீஸைப் பார்த்து வருஷம் கண்டுபிடிப்பது

குஸ்தி நோட்டீஸில் தேதியும் கிழமையும் இருக்கும், வருஷம் இருக்காது. அடுத்த வாரம் குப்பைக்குப் போகும் தாளுக்கு வருஷம் எதற்கு என்று விட்டிருப்பார்கள். ஆனால் தாளே சொல்லிவிடும்.

ரோஸ் நிற மெல்லிய தாள் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். "ஜனவரி 15 ஞாயிறு மாலை 6 மணி". டிக்கெட் ரூ. 5, ரூ. 2, ரூ. 1, 50 ந.பை. ஜனவரி 15 ஞாயிறாக வந்த வருஷங்கள் 1950, 1956, 1961, 1967. "ந.பை." என்றால் நயா பைசா. அது 1957 ஏப்ரலில் வந்தது. 1964 ஜூனில் "நயா"வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். நாலு வருஷத்தில் 1961 ஒன்றுதான் இதற்குள் விழுகிறது. தாளில் தமிழ் வருஷம் சார்வரி என்று இருந்தால் உறுதி. 1961 தை சார்வரி வருஷத்தில்தான் வரும். பிலவ என்று இருந்தால் எங்கேயோ தப்பு, மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

எழுத்தையும் கவனியுங்கள். லை, ளை, னை, ணை, றா, னா, ணா ஆகியவை பழைய வடிவத்தில், துதிக்கை வைத்தும் சுழித்தும் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று கொள்ளலாம். சில வருஷம் முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள்: பழைய ஈய எழுத்தைத் தூக்கிப் போட மனமில்லாத சிறு அச்சகங்கள் அதற்குப் பிறகும் சில காலம் அதையே ஓட்டின. "மதராஸ்" என்றோ "சென்னை" என்றோ இருப்பது உதவாது. தமிழில் சென்னை என்று எழுதுவது, அரசாங்கம் மெட்ராஸ் என்ற பெயரை மாற்றிய 1996க்கு எத்தனையோ காலம் முன்பே வழக்கம். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "சென்னை-3" மாதிரி மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்.

தாளின் அடி விளிம்பைக் கிழிந்திருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட ஊரும் போட வேண்டும் என்பது அந்நாளில் அமலில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பொடி எழுத்து வரியில் அச்சகத்தின் பெயர் கிடைத்தால், அதே அச்சகத்தின் தேதியிட்ட வேறு நோட்டீஸோடு எழுத்து வகையை ஒப்பிடலாம்.

ஒன்று மறக்கக் கூடாது. நோட்டீஸ் அறிவிப்புக்குத்தான் சாட்சி. மழையால் தள்ளிப்போயிருக்கலாம், வெள்ளைக்காரர் கப்பல் தாமதமாகி வராமலே போயிருக்கலாம்.

பத்திரிகையில் சரிபார்ப்பது

தேதி கிடைத்தபின் நூலகம் போங்கள், அதற்கு முன் வேண்டாம். வருஷம் தெரியாமல் மைக்ரோஃபிலிமைச் சுற்றினால் ஒரு வாரம் போய்விடும். எழும்பூர் கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டும் முதல் இடங்கள். அடையாள அட்டை, பென்சில், பார்க்க வேண்டிய தேதிகளின் பட்டியல் கொண்டுபோங்கள். பழைய தாளுக்குப் பக்கத்தில் பேனா வேண்டாம்.

விளையாட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது வழக்கமான தவறு. தொழில்முறைக் குஸ்தியை விளையாட்டாக மதிக்காத பத்திரிகைகள் அதை சர்க்கஸ், நாடகம் வரிசையில் கேளிக்கை விளம்பரப் பத்தியில் போட்டன. ஆட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பிருந்து விளம்பரம் பாருங்கள், ஆட்டத்தன்றைய இதழில் ஜோடிகள் பட்டியல் பாருங்கள், முடிவுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் பாருங்கள். பொங்கல் மாதிரி விடுமுறைக்கு மறுநாள் பேப்பர் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். இந்து, மெயில், சுதேசமித்திரன், தினமணி, தினத்தந்தி எல்லாவற்றையும் ஒரே தேதிக்குப் பார்த்தால் ஒன்றில் இல்லாத எதிராளி பெயர் இன்னொன்றில் இருக்கும். இந்து குழுமம் 1947 முதல் 1968 வரை நடத்திய ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் வார இதழில் படங்களுக்காகத் தேடலாம்.

வெளிநாட்டுக்காரர்களின் தடம் சென்னையில் பாதிதான் இருக்கும். அவர்களில் பலர் சிங்கப்பூர், மலேயா வழியாகச் சுற்றியவர்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதலிய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. சென்னையில் மோதியதாகச் சொல்லும் வாரத்தில் அதே ஆள் சிங்கப்பூர் ஹாப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் மோதியதாகச் செய்தி இருந்தால் இரண்டில் ஒன்று தப்பு. 1954க்கு முந்தைய ஆஸ்திரேலியச் செய்திகளுக்கு அந்நாட்டு தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம். தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை மூன்று நாலு விதமாக மாற்றிப் போடுங்கள். கிங்காங்கின் சொந்தப் பெயரை ஒரே மாதிரி எழுதிய பத்திரிகைகள் இரண்டைப் பார்ப்பது கஷ்டம்.

எழுதும்போது இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் பெரியவர் சொன்னது, அவர் சொன்ன சொல்லிலேயே. வலப்பக்கம் நீங்கள் கண்டது, தேதியோடு. பொருந்தவில்லை என்பதற்காக இடப்பக்கத்தைத் திருத்தாதீர்கள். ஒரு மணி ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்து ஆறு மணி ஆகும். குரலைத் தட்டச்சாக்கும் வசதி "குந்தினு", "சுத்திக்கினே" என்பதையெல்லாம் எழுத்துத் தமிழாக மாற்றிவைக்கும், பயில்வான் பெயர்களைக் கொலை செய்யும். முதல் வரைவுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதமும் போட்டோவும்

தாளை வீட்டிலிருந்து எடுத்துப் போகாமல் அங்கேயே படமெடுப்பது நல்லது. ஸ்கேனர் கொண்டுபோக முடிந்தால் 600 டிபிஐ, டிஃப் வடிவம். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரியும். பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறைந்துவிடும். ஃபோனில் எடுத்தால் ஜன்னல் வெளிச்சம், ஃப்ளாஷ் வேண்டாம், ஓரத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள்: கடன் கணக்கு, மளிகைப் பட்டியல் எழுதியிருந்தால் அதுவும் வருஷம் சொல்லும்.

லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படியே, பத்து வருஷத்தில் பழுப்பாகித் தாளைத் தின்னும். ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பத்திலிருந்து போட்டோவை உரிக்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். வைக்கும் இடம் பரண் அல்ல. வெயிலில் அங்கேதான் அதிகம் வேகும், ராமபாணப் பூச்சியும் அங்கேதான். பாலியெஸ்டர் உறையில் போட்டு, இடுப்பு உயரத்துக்கு மேல், வெளிச்சுவரில் ஒட்டாத அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிகள்தான் முதலில் மூழ்கின. அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், தாளைத் தொடக் கூடாது.

நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காயவிட்டுப் பிரிக்காதீர்கள், முகம் உரிந்து வந்துவிடும். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்து, படப் பக்கம் மேலே இருக்க, நிழலில் இரண்டு நாளுக்குள் காயவையுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்.

கோப்புப் பெயரில் எண் மட்டும் போதும்: 20250112-03-01 என்றால் தேதி, ஆள் எண், பதிவு எண். ஆளின் பெயரும் விலாசமும் தனி நோட்டில், உங்களிடம் மட்டும். பேட்டி முடிந்த அன்றே ஒரு பக்க ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குங்கள். அதில் மூன்று கேள்வி: பெயரை வெளியிடலாமா, குரலை வெளியிடலாமா, நூலகத்துக்குக் கொடுக்கலாமா. மூன்றுக்கும் தனித்தனியாக டிக் போட இடம் விடுங்கள். பெயர் வேண்டாம், குரல் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மகனையோ மகளையோ சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பிறகு வரும் தகராறு பாதி குறையும். பென் டிரைவில் ஒரு பிரதி அந்த வீட்டுக்கு. வேவ் கோப்பு பல டி.வி.களில் ஓடாது, எம்.பி.3 ஆக மாற்றிய பிரதியையும் சேர்த்துப் போட்டு, அவர்கள் டி.வி.யிலேயே செருகி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.